ஒற்றைக் காலில் வீரபத்ரன்

எங்கள் மைசூரில் யோகாசனப் போட்டி என்றால் மைக் பிடிப்பவர் ருத்ராராத்யர்தான். உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருத வாத்தியார். கணீரென்ற குரல். வாயைத் திறப்பார், மூட மறந்துவிடுவார். மைக் பிடிக்கிறவருக்கு அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. ஆசனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மேடையில் இருப்பவர்கள் அந்த நிலைக்குப் போவார்கள். நடுவர்கள் மார்க் போட்டு முடித்ததும் 'விடுங்க' என்று சொல்ல வேண்டும். நடுவில் அமைதியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் ஆராத்யரால் ஆகாது.

பெயரைச் சொல்லிவிட்டு அர்த்தம் சொல்லாமல் விடுவது, இலை போட்டுச் சோறு போடாமல் போவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. பகாசனம் வந்தால் போதும், தொலைந்தார்கள். "பகம்னா கொக்கு" என்று ஆரம்பிப்பார். உள்ளங்கை இரண்டை மட்டும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு முகம் சிவந்து கை வெடவெடக்கும். இவரோ கொக்கு ஏன் அசையாமல் நிற்கிறது, அதன் மனதில் ஓடுவது தவமா மீனா என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருப்பார். போன வருடம் மயூராசனத்தில் மயில் பாம்பைத் தின்று செரிக்கும் கதையை எடுத்தார். பாம்பு உள்ளே போவதற்குள் நஞ்சன்கூட்டுப் பையன் மூக்கு அடிபட விழுந்தான். அவன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

அதனால் இந்த வருடம் கல்யாணச் சத்திரத்தில் போட்டி தொடங்கும் முன்பே, உப்பிட்டு, அதாவது எங்கள் ஊர் உப்புமா, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைச் செயலாளர் சோமண்ணா தனியே ஓரங்கட்டினார். டயர் கடைக்காரர், ஒளிவுமறைவு தெரியாத மனிதர்.

"மேஷ்ட்ரே, கையெடுத்துக் கும்பிடறேன். பேரைச் சொல்லுங்க, 'விடுங்க'ன்னு சொல்லுங்க. நடுவுல ஒரு வார்த்தை வந்துச்சு, மைக்கைப் பிடுங்கி என் மச்சான் கையில குடுத்துருவேன். இனிமே எந்தப் போட்டிக்கும் அவன்தான். அவனுக்கு எந்த அர்த்தமும் தெரியாது. நிம்மதி!"

ஆராத்யர் உப்பிட்டுத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். பள்ளியில் பிள்ளைகள் சமஸ்கிருதம் எடுப்பது மார்க்குக்காக. வீட்டிலோ மனைவி நாகலாம்பிகே. முட்டி வலிக்காக ஆசனம் கற்றுக்கொண்டவள், தினமும் காலையில் கூடத்தில் பாய் விரித்துப் பயிற்சி செய்வாள். இவர் காபியும் கையுமாக எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்வார். "அர்த்தம் கேட்டா முட்டி வலி போயிருமா? பேசாம காபியைக் குடிங்க" என்பாள். ஆக, இந்த உலகத்தில் இவர் பேச்சு நாலு பேர் காதில் விழ இருந்த ஒரே வழி அந்த மைக். அதுவும் போய்விட்டால் மனிதர் யாரிடம் போவார்? பேசுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, காலை முழுவதும் சத்தியத்தைக் காப்பாற்றினார். கருடாசனம் வந்தது. குக்குடாசனம் வந்தது. உதட்டைக் கடித்தார், வேர்த்தார், தண்ணீர் குடித்தார். "மேஷ்ட்ருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பயிற்சியாளர்கள் கிசுகிசுத்தார்கள். சோமண்ணா மனம் குளிர்ந்து தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களின் சுற்று. கடைசியில் இரண்டு பேர் சம மார்க்கில் நின்றார்கள். ஒருத்தி மண்டியாவிலிருந்து வந்த கெம்பம்மா, இன்னொருத்தி நம் நாகலாம்பிகே. ஒரே ஓர் ஆசனம், யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு என்று நடுவர்கள் முடிவு செய்து சீட்டு எடுத்தார்கள். வீரபத்ராசனம், மூன்றாம் நிலை. ஒரு கால் தரையில், மற்றொரு கால் பின்னால் நீட்டி, கைகள் முன்னால், உடம்பு பலகையாகக் கிடைமட்டத்தில்.

ஆராத்யர் தெம்பாகப் பெயரைச் சொன்னார். பின்னே, வீட்டில் இதே நிலையில் நின்றபடி ஜன்னல் வழியே காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிறவள் ஆயிற்றே நாகலாம்பிகே! ஆனால் இங்கே எடுத்த எடுப்பிலேயே அவள் கால் நடுங்கியது. கெம்பம்மா ஆடவில்லை, அசையவில்லை. சத்திரத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இவளுக்கு என்ன ஆயிற்று என்று தவித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அவள் ஒரு நாளும் இப்படி நிசப்தத்தில் நின்றதில்லை. அவள் காதில் ஓயாமல் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அது இவர் குரல். நாகலாம்பிகே தலையை லேசாகத் தூக்கி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் இருந்தும் பால் பொங்கி வழிந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஆராத்யர் சோமண்ணாவைப் பார்த்தார். 'வேண்டாம்' என்று சோமண்ணா தலையை ஆட்டினார். போனால் போகட்டும், கழுதை!

"வீரபத்ரன்!" என்று சத்திரம் அதிர்ந்தது. "தட்சன் தன் யாகத்துல சொந்தப் பொண்ணையே, சிவனோட பெண்டாட்டியையே, அவமானப்படுத்தினான். அவ தீயில விழுந்தா. சேதி கேட்ட சிவன் சடையில ஒரு பிடியைப் பிச்சுத் தரையில ஓங்கி அடிச்சார். அதுலேர்ந்து எழுந்தவன்தான்..."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று கூட்டம் அலறியது. நாகலாம்பிகேயின் கால் ஆணி அடித்தாற்போல் நின்றது.

சோமண்ணா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். மைக் 'கீ' என்று கத்திவிட்டு அடங்கியது. வெளியாள் உதவி, செல்லாது, கெம்பம்மாவுக்கே முதல் பரிசு என்று நடுவர்கள் அறிவித்தார்கள். கெம்பம்மா காலை இறக்கிப் பாயில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு சாமி?" என்றாள்.

நாகலாம்பிகே காலை இறக்கவில்லை.

"நாகா, காலைக் கீழே வை. தோத்துட்டம்மா. என்னாலதான் தோத்துட்ட."

"அதெல்லாம் காதுல விழுந்துச்சு. சொல்ல வந்ததைச் சொல்லி முடிங்க, வைக்கிறேன்."

செத்த மைக்கைப் பிடித்தபடி ஆராத்யர் வாயைத் திறந்தார். கண்ணீர்தான் முந்திக்கொண்டு வந்தது. தட்டுத் தடுமாறினார். "வீரன்னா வீரன்... பத்ரன்னா நல்லவன், மங்களமானவன். யாகசாலையையே நாசம் பண்ணித் தட்சன் தலையையும் வெட்டினவனுக்குப் போய் நல்லவன்னு எப்படிப் பேரு வெச்சாங்கன்னு..." அதற்கு மேல் ஓடவில்லை.

தரையைப் பார்த்துக் கிடைமட்டமாக நின்ற நாகலாம்பிகே, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"பெண்டாட்டிக்காக எல்லாத்தையும் போட்டு உடைச்சவன் நல்லவன் இல்லாம வேற யாராம்? தினமும் காலையில இந்த இடத்துல வந்துதான் முழிக்கிறீங்க. நானும் சொல்லணும் சொல்லணும்னுதான் இருக்கேன். நீங்க எங்க என்னை வாயைத் திறக்க விட்டீங்க?"