குப்பியின் அடியில் ஒரு சிவப்புக் கோடு

கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் பட்டறைக்கு ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் பேக்கரி. இரண்டுக்கும் நடுவில் அணுக்கழிவை அடைக்கும் குப்பி தயாராகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மாமியார் நம்பினார், அதுதான் தொல்லை. அந்த வேலை முடியும்வரை நான் குளித்துவிட்டு வந்தால்தான் சமையலறைக்குள் விட்டார்.

உண்மையில் கழிவு எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுகவைக்கும் புது முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் சிக்கிய நஞ்சு லேசில் தண்ணீரில் கரைந்து வெளியே வராதாம். அந்தக் கண்ணாடிக் குழம்பை ஊற்றி மூட, துருப்பிடிக்காத எஃகில் இடுப்புயரக் குப்பிகள் வேண்டும். சோதனைக்கு நான்கு குப்பிகளை எங்களிடம் கேட்டிருந்தார்கள். அவற்றில் ஊற்றப்போவதும் அசல் கழிவில்லை, கதிர்வீச்சே இல்லாத ஒரு மாதிரிக் கலவைதான்.

வரைபடத்தோடு ஒரு தாளும் வந்தது. சாக்பீஸ் படக்கூடாது, மார்க்கர் படக்கூடாது, வெறுங்கை படக்கூடாது. வியர்வையில் இருக்கிற உப்புகூட இந்த எஃகுக்கு ஆகாது. இன்றைக்கு ஒன்றும் தெரியாது, வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, கையுறை போடாமல் கிட்டே வந்தவர்களையெல்லாம் நான் திட்டித் தீர்த்தேன். கோபம் வந்தால் எனக்கு வீட்டு மொழியான தெலுங்குதான் வரும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நாலைந்து தெலுங்கு வசவுகள் மனப்பாடமாக இருப்பது என் கைங்கரியம்.

திட்டு வாங்காத ஒரே ஆள் எங்கள் வெல்டர் அண்ணன். போத்தனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டார், அதனால் எவ்வளவு அவசரம் என்றாலும் அன்றைக்கு மட்டும் கூப்பிட மாட்டோம். சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்த வேலைக்கு வேறு ஆளைப் போடலாமே என்று என் கணவர்கூடச் சொன்னார். நான் கேட்கவில்லை. அண்ணன் மாதிரித் துண்டுகளில் வெல்டு அடித்துக் காட்டித் தேறிய பிறகுதான் குப்பியைத் தொட்டார்.

முதல் குப்பியைச் சோதிக்க நிலையத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்த நாளில்தான் அது நடந்தது. எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகும் எந்தச் சாமானுக்கும் குங்குமம் வைக்காமல் அனுப்பியதில்லை. பம்ப் மூடியாக இருந்தாலும் சரி, கிரைண்டர் உதிரியாக இருந்தாலும் சரி. கணபதியில் பாதிப் பட்டறைகளில் இதுதான் வழக்கம். அன்று குப்பியைத் துடைத்துத் தயாராக வைத்ததும் என் கை தானாகப் போய்விட்டது. விரலை நனைத்து, குங்குமத்தைத் தொட்டு, அடித்தட்டு வெல்டின் ஓரத்தில் வைத்தேன். வைத்த பிறகுதான் சுவரில் இருந்த தாள் கண்ணில் பட்டது. துணியால் அழுத்தித் துடைத்தேன். முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்திருக்க வேண்டும். வாசலில் கார் வந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

அவர்கள் சோதிக்கும் விதம் இதுதான். வெல்டின் மேல் ஒரு சிவப்புத் திரவத்தைத் தெளிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கும் காட்டிக்கொடுத்தது. அடித்தட்டு வெல்டின் ஓரத்தில், நான் விரல் வைத்த அதே இடத்தில், நகம் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

அந்தப் பெண் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு வேறு ஆளை வைத்து மறுபடி வெல்டு அடிக்கலாம், இவர் இனி திரும்பத் தேர்வு கொடுத்த பிறகுதான் இந்த வேலையைத் தொடலாம் என்றார். அண்ணன் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிங்க. எங்கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க," என்று சொல்லிவிட்டுத் தோல் கையுறையைக் கழற்றினார். பிறகு வெளியே போய்விட்டார்.

எனக்குத் தெரியும், அது அவர் கண் இல்லை. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. சும்மா இருந்தால் தேய்த்துச் சரிசெய்து குப்பியைக் காப்பாற்றிவிடலாம். குங்குமம் என்று சொன்னால், அதில் எந்த உப்பு, எந்தச் சாயம் கலந்திருக்கிறதோ, குப்பியே தள்ளுபடி ஆகும். ஊருக்கெல்லாம் கையுறை போடச் சொன்னவளே வெறுங்கையால் தொட்டாள் என்ற பேரும் வரும். பேக்கரியிலிருந்து வந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடித்து முடிக்கிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த டீயை நினைத்தால் எனக்கு இன்றும் அவமானமாக இருக்கிறது.

அண்ணன் திரும்பி வந்து, தன் ஹெல்மெட்டை எடுத்துப் பையில் வைத்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், அது விரிசல் இல்லீங்க. நான் வெச்ச குங்குமம்," என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெல்டின் ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி முழுச் சோதனையையும் திரும்பச் செய்தார். இந்த முறை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வெல்டு அருமையா இருக்கு. ஆனா குப்பியை எடுத்துக்க முடியாதுங்க. நாளைக்கு இதே மாதிரிக் குப்பியில அசல் கழிவை ஊத்தி மூடிட்டா அப்புறம் மனுஷங்க யாரும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. தெரிஞ்சதை எல்லாம் இப்பவே எழுதி வெச்சுடணும்."

காரணத்தையும் அவரே எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதற்குப் பதில் இன்னொரு குப்பி நாங்கள் செய்து தர வேண்டும், வெல்டர் இவரேதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் கொஞ்சம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"அத உடுங்க அம்மணி. நாந்தான் அவசரப்பட்டு ஊட்டுக்கு போன் பண்ணிப்போட்டேன். கண்ணு போச்சு, இனி வெல்டிங்குக்குப் போவலன்னு சொன்னேன். அவ அழுதுட்டாளுங்க. இப்ப நாஞ்சொன்னா நம்ப மாட்டா. நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

போனை என்னிடம் நீட்டினார். அவர் மனைவியிடம் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். குங்குமம் வைத்தது நான், வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான் என்று இரண்டையும் சொன்னேன். வசவு வரும் என்று காத்திருந்தேன். அவரோ மெதுவாக, "அப்ப அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களா, அம்மணி?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுதுங்க அக்கா," என்று சொல்வதற்குள் நான் அழுதுவிட்டேன்.