பின்னாடி வாரான்

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு என் வீட்டுக்காரர் காடு மலையெல்லாம் நடந்து ஊருக்குத் திரும்பினார். அரிசி மில் வேலைக்குப் போனவர். காளப்பநாயக்கன்பட்டி சந்தைக்கு மிளகு கொண்டுபோன இடத்தில் பர்மாவுக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு மேஸ்திரி அளந்த அளப்பில் மயங்கி, கப்பலேறிவிட்டார். போனவர் தனியாகவாவது போனாரா? பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பெரியம்மா, எனக்கு அத்தை முறை. புருஷனைப் பறிகொடுத்தவள். அந்தப் பையனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

ஆடி மாதச் சாரலில் எலும்பும் தோலுமாக மலையேறி வந்து வாசலில் உட்கார்ந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் மலையூரான ஆலத்தூர் நாடு முழுக்கக் கேட்கும்படி நான் அழுத அழுகையில் அத்தை ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வந்த வழியைப் பார்த்தாள்.

"என் பையன் எங்க சாமி?"

"பின்னாடி வாரான் பெரிம்மா," என்றார்.

அவள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள். நானும் நம்பினேன். சில நாள் கழித்து, சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் உண்மையைச் சொன்னார்.

வழியில் அந்தப் பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டது. கூட வந்த கூட்டம் நிற்கவில்லை. ஒரு பர்மாக் கிராமத்துப் புத்த பிக்கு இருவரையும் தன் மடத்துக்குக் கூட்டிப்போய், பிச்சையெடுத்த சோற்றை அப்படியே கொடுத்திருக்கிறார். பையன் தேறவில்லை. "நீ போ, நான் இவனோடு இருக்கிறேன், நீயும் நின்றால் நீயும் செத்துவிடுவாய்" என்று பிக்கு சொல்ல, இவர் கிளம்பிவிட்டார்.

"கண்ணைத் தொறந்துட்டுத்தான் இருந்தான். அண்ணான்னு கூப்புட்டான். நான் திரும்பிப் பாக்கலே," என்றார் என்னிடம். களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். என்ன சொல்லித் தேற்றுவது? ஐயோ பாவம் என்று யாரைச் சொல்வது?

அந்தப் பிக்கு வழியனுப்பும்போது ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாராம். காலையில் கண்ணை மூடி உட்கார வேண்டும். முதலில் நான் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டும். பிறகு வேண்டியவர்கள், பிறகு முன்பின் தெரியாதவர்கள், பிறகு பகையாளி, கடைசியில் எல்லா உயிரும். தன்மேல் இரக்கம் வைக்காதவன் பிறத்தியார்மேல் வைக்கும் இரக்கம் நிலைக்காது என்றாராம்.

இவரும் தினம் உட்கார்ந்தார். ஊரையே வேண்டிக்கொண்டார். எங்கள் பலாவைப் பிய்த்துப்போட்ட கரடிக்கும் வேண்டினார்.

"கரடிக்கு வேண்டிக்கிற மகராசன், உங்களுக்கு வேண்டிக்கிட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது மட்டும் வாயில வரமாட்டேங்குது," என்றார்.

அத்தை ஒருநாள் தவறாமல் வருவாள். "இன்னும் காணமே சாமி?" என்பாள். "பின்னாடி வாரான் பெரிம்மா" என்பார் இவர். அவள் தலை மறைந்ததும் சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவார். திரும்பி வந்தபோது இருந்த கொஞ்சநஞ்சச் சதையும் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு அத்தைமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. கிழவிக்கு வேறு வேலையே இல்லையா, அந்த மனுஷனைத் தினம் தினம் கொல்கிறாளே என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன்.

"ஏனுங்க, சொல்லித் தொலைச்சிருங்களேன்."

"சொன்னா பெரிம்மா செத்துப்போயிரும்."

"சொல்லாட்டி நீங்க செத்துப்போயிருவீங்க!"

இரக்கப்பட்டுச் சொன்ன பொய் இப்படி ஆளையே தின்னுமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் சாமை அறுத்தோம். எங்கள் ஊரில் புதுச்சாமை ஆக்கினால் உடனே வாயில் வைத்துவிட முடியாது. வீட்டில் செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கொரு இலையில் போட்டு, ஊர்க்கோடிப் பாறையில் காக்காய்க்கு வைக்க வேண்டும். வெளியூர் போனவர்கள் பங்கை அடுப்படியில் மூடி வைக்க வேண்டும். உயிரோடிருப்பவன் இலையைப் பாறைக்குக் கொண்டுபோனால் அவன் ஆயுசு அறுந்துவிடும் என்று, பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

என் மாமனாரின் இலையோடு நான் பாறைக்குப் போனேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

"அத்தே! உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? மாமனுக்கு ஒண்ணுதானே வெக்கோணும்?"

"ரெண்டுதான் கண்ணு," என்றாள். நிதானமாக இரண்டாவது இலையில் சோற்றைப் பரப்பினாள். "உன் புருசன் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் எதுக்குங்க தெனமும் வந்து கேக்கறீங்க?"

"கேக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருமே. எனக்காவத்தானே அந்தப் பொய்யச் சொமக்கறான். நான் கேட்டுட்டுச் சிரிச்சுட்டுப் போனா, பெரிம்மா நல்லாருக்குதுன்னு நெனச்சுக்குவான். அவனாச்சும் பொழைக்கட்டும்."

அந்தக் கிழவியையா நான் கரித்துக்கொட்டினேன்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு யாருங்க அத்தே சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? என் பையன் உசுரோட இருந்தா, உன் புருசன் அவன உட்டுப்போட்டு ஒத்தையா வருவானா? அப்படிக் கைய உதறிட்டு வர்ற ஆளா அவன்? கண்ணு மூடுற வரைக்கும் மடியில வெச்சிருந்து, மண்ணத் தள்ளிட்டுத்தான் வந்திருப்பான். அது ஒண்ணுதான் கண்ணு எனக்கு ஆறுதல். அத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வருது."

காக்காய்கள் இறங்கிவிட்டன. அவள் எழுந்து புடவையைத் தட்டினாள்.

"நீ போயி அவன்கிட்டச் சொல்லிரு. இனிமே பொய் சொல்ல வேண்டாம், பெரிம்மாவுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிரு. எதனாலே தெரியும்னும் சொல்லு. கேட்டா அவனுக்கும் ஆறுதலா இருக்கும்."

அண்ணான்னு கூப்புட்டான் என்று அவர் சொன்னதே காதில் கேட்க, நான் வீட்டுக்கு வந்தேன். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல நின்னு பாத்தேன், பெரிம்மாவும் நீயும் பாறைகிட்ட ரொம்ப நேரம் நின்னீங்களே. என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "இந்த வருசம் சாமை நல்லா வெளஞ்சிருக்குதுன்னு சொன்னாங்க."