கண்ணாடிப் பொட்டும் மேக்ரோ லென்சும்

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் மிகச் சிறியதையும் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கும் தன் பழைய மேக்ரோ லென்சை விற்க வீட்டுக்கு வந்திருந்தார். சோதித்துப் பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியில் என் மனைவி ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டைப் படமெடுத்தேன். அவள் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது; எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

படத்தில் பொட்டின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது.

“லென்சு மேல குத்தமில்ல அண்ணாச்சி. கண்ணாடில நிழலும் சேந்து விழுது. பொட்ட உரிச்சு தாள்ல ஒட்டி எடுப்போம்” என்று அவர் நகத்தை வைத்தார்.

“அத எடுக்காதிய.”

அவர் கை அப்படியே நின்றது. “அப்ப என் வெரல எடுங்க” என்று கட்டைவிரலை நீட்டினார். ரேகைகள் ஓரம்வரை துல்லியமாக விழுந்தன. லென்சை வாங்கிக்கொண்டேன்.

அன்றும் அழுகை வரவில்லை. ஆனால் அவள் இல்லை என்பதை நான் முதன்முதலாக வாய்திறந்து ஒருவரிடம் சொன்னது ‘அத எடுக்காதிய’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான்.