எட்டுக் கையில் ஊதா மை

முதலில் வந்தவளுக்கு இடம் இல்லை என்றார்கள். முதலில் வந்தவள் நான்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது பெங்களூரில் மர்பி டவுனில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. மூன்று பேர்தான். அவர் பட்டாளத்துக் கிடங்கில் பெட்டி தூக்கினார். அத்தை கன்டோன்மென்ட்டில் ஒரு பங்களாவில் ஆயா. நான் ஒரு ஃபாக்டரியில் கம்பிச் சுருள் சுற்றினேன். ஃபாக்டரி ஐந்து மைல். காலைக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியாது. வீட்டுக்காரருக்கு வேலை பக்கம், நடந்தே போவார். அவருடைய சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. நடுவில் கம்பி வைத்த ஆம்பளை சைக்கிள். அதை எடுத்தேன். தெருவில் ஒரு வாரம் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஃபாக்டரியில் ஒரு சட்டைக்காரப் பெண் இருந்தாள். ஆங்கிலோ இந்தியன். சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. தினமும் காலையில் என்னை ரோட்டில் பார்ப்பாள். அவளுடையது மெல்லிய சக்கரம் வைத்த சைக்கிள். இருந்தும் ஏற்றத்தில் நான் அவளைத் தாண்டிவிடுவேன். ஒரு நாள் கேட்டில் நிறுத்திக் கேட்டாள்.

"நீ ரேஸுக்கு வர்றியா மேன்?"

அவள் எல்லாரையும் மேன் என்பாள். என்னையும்.

"என்ன ரேஸு?"

"லேடீஸ் சைக்கிள் ரேஸ். ரோட்ல. நீ எட்டு மணி சங்குக்கு ஓட்றியே, அதே ஸ்பீடுதான். அங்க சங்கு மட்டும் இருக்காது."

போனேன். முதல் தடவை வளைவில் மணல் சறுக்கி விழுந்தேன். முழங்கால் தோல் போயிற்று. இரண்டாம் தடவை செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு ஓட்டி மூன்றாவது வந்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த மாதிரி அதற்கு முன்னால் சிரித்ததில்லை.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை.

"பந்தயத்துல ஓட நீ இன்னா குதிரையா? குதிரன்னா மேல பணமாச்சும் கட்டலாம்."

"மூணாவது வந்தேன் அத்தே."

"மூணாவது வந்த குதிரைக்குப் புல்லு வைக்க மாட்டான்."

மூன்றாம் பந்தயம் அறிவித்தபோது விஷயம் பெரிதாகிவிட்டது. அதில் முதலில் வருகிறவளை மெட்ராஸில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்கள். ரயிலில் கூட்டிப்போய், பனியன் கொடுத்து, மைசூர் ராஜ்யத்துக்காக ஓட்ட வைப்பார்கள். நான் அதைச் சொன்னதும் வீட்டில் சத்தம் வந்தது. கடைசியில் அத்தைதான் முடிவு சொன்னாள்.

"இந்த ஒரு தபா. மொதல்ல வந்தியா, மெட்ராஸ் போ, டில்லி போ, நான் கேக்க மாட்டேன். மொதல்ல வரலியா, அத்தோட சரி. சைக்கிள் எம் புள்ளைது. நீ பஸ்ல போ."

நான் சரி என்றேன்.

இரண்டு மாசம் விடிந்ததும் ஓட்டினேன். மட்கார்டு, கேரியர், செயின் மூடி எல்லாவற்றையும் கழற்றினார் வீட்டுக்காரர். சீட்டை ஒரு விரல் உயர்த்தினார். அவருடைய காக்கிப் பேண்டைக் கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். மேலே அவருடைய பழைய சட்டை. அத்தை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பந்தயத்தன்று காலையில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து முன்னால் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

பந்தயம் அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கும். பழைய மெட்ராஸ் ரோட்டில் கிருஷ்ணராஜபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் ரோட்டு நடுவில் ஒரு தார் பீப்பாய். அதைச் சுற்ற வேண்டும். அங்கே ஒரு ஆள் நிற்பார். ரப்பர் முத்திரையை ஊதா மையில் தொட்டு, சுற்றுகிறவர்களின் மணிக்கட்டில் வைப்பார். அதற்கு முன்னால் ஆம்பளைகள் பந்தயத்தில் இரண்டு பேர் பாதி வழியில் மரத்து மறைவில் நின்றுவிட்டு, மற்றவர்கள் திரும்பி வரும்போது கூடச் சேர்ந்துகொண்டார்களாம். அதனால் இந்த முத்திரை. கையில் முத்திரை இல்லாவிட்டால் இடம் இல்லை. காலையிலேயே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஒன்பது பெண்கள். பெயர் எழுதுகிற மேஜையில், முத்திரை வைக்கப்போகிற அந்த ஆள்தான் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, நெற்றியில் நாமமோ விபூதியோ இல்லை. பெயர் கேட்டார். சொன்னேன். எங்கே வீடு என்றார். மர்பி டவுன் என்றேன்.

"எந்த லைன்?"

சொன்னேன். எங்கள் லைனில் எங்கள் ஜனம்தான். அது ஊருக்கே தெரியும். அவர் எழுதிக்கொண்டார். நம்பர் துணியை மேஜை மேல் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

கொடி இறங்கியது. முதல் மூன்று மைல் சட்டைக்காரப் பெண் முன்னால் போனாள். நான் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே போனேன். அப்படிப் போனால் காற்று நம் மேல் அடிக்காது. மூச்சு மிஞ்சும். கிருஷ்ணராஜபுரம் ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தேன். அவள் பின்னால் போய்விட்டாள். தொடை எரிந்தது. பீப்பாய் தெரிந்தது.

வேகத்தைக் குறைத்து, பீப்பாயைச் சுற்றி, இடது கையை நீட்டினேன். அந்த ஆள் முத்திரையைக் கையில் வைத்திருந்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"போம்மா, போ. எழுதிக்கிட்டேன்."

கையை இழுத்துக்கொண்டு மிதித்தேன். திரும்பும் வழியில் எதிர்க்காற்று. அவள் பின்னால் வருகிறாளா என்று பார்க்கவில்லை. செயின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. ஏரித் தண்ணீர் தெரிந்தபோது கூட்டம் கத்தியது. ரிப்பன் என் மார்பில் அறுந்தது. அவளுக்கும் எனக்கும் மூன்று சைக்கிள் நீளம்.

வீட்டுக்காரர் ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார். ஒரு மரத்தடியில் அத்தை நின்றிருந்தாள். வர மாட்டேன் என்று சொன்னவள். அத்தையைப் பார்த்தேன். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

நடுவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை.

"வெல் டன். கையைக் காட்டும்மா."

காட்டினேன். திருப்பிப் பார்த்தார். மற்றக் கையையும் பார்த்தார்.

"ஸ்டாம்பு எங்க?"

"போடலை சார். எழுதிக்கிட்டேன்னார்."

"ஏன் போடலை?"

"தெரியலை சார். பொம்பளைங்க கையைத் தொட வெக்கமா இருந்திருக்கும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. அந்த ஆள் கூச்சப்படுகிறவர். நல்ல குடும்பம்.

சட்டைக்காரப் பெண் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஊதா வட்டம். மூன்றாவது வந்தவள் நீட்டினாள். வட்டம். நான்காவது ஒரு கல்யாணம் ஆனவள், கை நிறைய வளையல். வளையலை மேலே தள்ளிவிட்டு முத்திரை வைத்திருந்தார். வளையலைத் தள்ளியது யார் என்று கேட்கவில்லை. அவர்தான் தள்ளியிருக்க வேண்டும். ஓட்டுகிறவளுக்கு ஒரு கை ஹேண்டில்பாரில், மற்றது நீட்டினபடி.

நான் நின்று எண்ணினேன். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுக் கையிலும் ஊதா.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. எந்த லைன் என்று கேட்டது. நம்பர் துணியைக் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தது. ஒரு அடி பின்னால் போனது. காதுக்குள் ஙொய் என்று சத்தம் கேட்டது. சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இது எங்கேயும் நடக்காதது இல்லை. அப்பா சொல்லியிருக்கிறார், ஊரில் எப்படி இருந்தது என்று. ஆனால் நான் பிறந்தது இங்கே. என் லைனில் எல்லாரும் எங்கள் ஜனம். ஃபாக்டரியில் எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே கான்டீன் பெஞ்சு. சைக்கிள் மேல் இருக்கும்போதும் அது வரும் என்று எனக்குத் தெரியாது. மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் போகிறவளை யார் பார்த்துப் பிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

சட்டைக்காரப் பெண் நடுவரிடம் சொன்னாள்.

"நான் பாத்தேன் மேன். இவ முன்னால, நான் பின்னால. என் கண்ணு முன்னால டிரம்மைச் சுத்தினா."

"சுத்தியிருப்பாங்க. ஸ்டாம்பு இல்லியே. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்த ஆள் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். முத்திரையும் மையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. நடுவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நடுவரின் மீசையைப் பார்த்துச் சொன்னார்.

"போட்டேன் சார். வேர்வையில அழிஞ்சிருக்கும்."

நடுவருக்கு மூச்சு வந்தது. முகம் லேசாகிவிட்டது.

"அதான் பாத்தேன். வேர்வை. சரிம்மா, போட்டார் இல்ல? நீயும் சொல்லிடு. எழுதிடறேன், முதல் இடம்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார். "ஆமான்னு சொல்லு." சட்டைக்காரப் பெண்ணும் தலையை ஆட்டினாள். ஆமா என்ற ஒரு சொல்தான். சொன்னால் மெட்ராஸ். ரயில், பனியன், எல்லாம். சொல்லாவிட்டால் நாளையிலிருந்து பஸ்.

"இல்லை சார். அவர் என்னைத் தொடலை."

"யோசிச்சுச் சொல்லும்மா. முத்திரை இல்லேன்னா இடம் இல்லை."

"யோசிச்சாச்சு சார்."

யோசிக்கவில்லை. வாயிலிருந்து அதுதான் வந்தது.

அப்போது அத்தை மரத்தடியிலிருந்து வந்தாள். வந்து என் இடது கையைப் பிடித்து, அந்த ஆளுக்கு முன்னால் நீட்டினாள்.

"இப்ப வையி சாமி. வேர்வையில அழிஞ்சிடுச்சின்ற. சரி. கையி இங்கதான கீது. மையும் உன்கிட்டதான் கீது. இன்னொரு தபா வையி, பாக்கலாம்."

அவர் நின்றார்.

"இன்னா யோசிக்கிற? தீட்டு ஒட்டிக்குமா? எட்டுப் பேர் கையைப் புடிச்ச. இது ஒம்பதாவது."

அந்த ஆள் பிஸ்கட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அவ்வளவுதான் செய்தார். டக் என்று சத்தம் வந்தது. எல்லாருக்கும் கேட்டது.

நடுவர் டப்பாவைப் பார்த்தார். அந்த ஆளைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவருக்கும் அதிர்ச்சிதான். மீசை துடித்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். தாளில் எழுதினார். முதல் இடம் சட்டைக்காரப் பெண்ணுக்கு.

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள். மூன்று சைக்கிள் நீளம் பின்னால் வந்தாலும் அவளும் மிதித்துத்தான் வந்தாள். மெட்ராஸ் போனாள். பதினோராவது வந்தாளாம். காற்று உப்புக் கரிக்கிறது மேன், மூச்சே விட முடியலை என்றாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். வீட்டு வாசலில் வைத்துத்தான் பேசினார்.

"ஒரு வார்த்தை. ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. அவனே பொய் சொல்லிக் குடுத்தான். வாங்கிக்கத் தெரியல உனக்கு."

"சொல்லியிருந்தா அவன் என்னைத் தொட்டதா ஆயிடும்."

"ஆனா என்ன?"

"தொடலை."

அவர் உள்ளே போய்விட்டார். அத்தை சோறு போட்டாள். சாப்பிட முடியவில்லை. கையைக் கழுவி, சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு, அத்தையிடம் அதன் பூட்டுச் சாவியை நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?"

"முதல் இடம் இல்லையே அத்தே. நாளைலருந்து பஸ்ஸு."

"பேச்சு எனக்கும் உனக்கும்தான. மீசக்காரனுக்கு இன்னா? ரிப்பன் யார் மாருல அறுந்துச்சி? என் கண்ணு அவிஞ்சா பூடுச்சி?"

சாவியை என் கையிலேயே திணித்துவிட்டு எச்சில் தட்டை எடுத்தாள்.

அப்புறம் மூன்று வருஷம் ஓட்டினேன். பெரியவன் வயிற்றில் வந்ததும் விட்டுவிட்டேன். இரண்டாவது, நான்காவது, ஒரு தடவை கடைசி. முதல் இடத்தில் திரும்ப வரவே இல்லை. பீப்பாய் பக்கம் வந்தால் என் கால் தானாகவே தளர்ந்துவிடும். ஆள் மாறினாலும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் அத்தையிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அந்த ஆள் என்னைத் தொடாததைவிட அதுதான் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. பீப்பாயைச் சுற்றி வரும்போது, போம்மா எழுதிக்கிட்டேன் என்று அவர் சொன்னாரே, அப்போது மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."