அக்காவின் தட்டில் என்ன இருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போயிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் என் அக்கா வீடு. கதவைத் திறந்தவர் மாமா — அக்காவின் கணவர். கையில் கத்தி. கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

பயந்துவிடாதீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமா சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ரிடையராகும்வரை ஷிப்ட் பார்த்தவர். தண்ணீர் வேண்டுமென்றால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே “சரோஜா...” என்று குரல் கொடுப்பார். அப்படிப்பட்டவர் எப்படிச் சமையலறைக்குள் வந்தார்?

போன வருஷம் அவருக்கு ஹார்ட் அட்டாக். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறதென்று, கேஸ்தான் என்று தானே முடிவு கட்டி, பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்தார். பாட்டில் காலியாவதற்குள் வேர்த்துக் கொட்டி, கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து ஆளை மீட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவின் ஆட்சிதான். மாமா சிகரெட்டை விட்டார். எண்ணெய் ஸ்பூன் கணக்குக்கு வந்தது. வஞ்சிரம் வறுவல் போய்க் குழம்பு மீன் ஆயிற்று. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரை, வாழைத்தண்டு. அப்பளமும் ஊறுகாயும் மாமாவின் கண்ணில் படாத இடத்துக்குப் போயின. சாயங்காலமானால் சில்வர் பீச்சில் வாக்கிங். தொப்பை இறங்கியது, கொலஸ்ட்ரால் இறங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா ரிப்போர்ட்டைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அக்கா?

அவள் வாக்கிங் போகவில்லை. “காலையிலேர்ந்து வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டுதான இருக்கேன். இதுக்கு மேல பீச்சுல வேற போயி நடக்கணுமா?” என்பாள். மாமாவுக்குப் பத்தியச் சமையல், மகன் குடும்பத்துக்குத் தனிச் சமையல். எல்லோரும் கை கழுவிய பிறகுதான் அவள் சாப்பாடு. பேரப் பிள்ளைகள் மிச்சம் வைத்த பூரி, கடித்து வைத்த வடை, வறுவல் சட்டியில் ஒட்டியிருக்கிற மசாலாவில் பிசைந்த சோறு. தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. கேட்டால், “வீணாப் போவுதே...”

நான்கு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் இருவரும் மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார்கள். வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அக்கா நின்றாள். புடவை பார்க்கிறாள் என்று மாமாவும் நின்றார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கடை வாசலில் நின்றாள். அந்தக் கடை ஷட்டர் மூடியிருந்தது.

“என்னா... நின்னுட்ட?”

“ஒண்ணும் இல்லீங்க. தாடை வலிக்குது. முதுகு வேற புடிச்ச மாதிரி இருக்கு. கேஸுதான். ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்.”

சோடா என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவைக் கை காட்டினார்.

“பால் காய்ச்சணும்ங்க. காலையில போவலாம்.”

“பால் கெட்டா கெடட்டும். நீ ஏறு.”

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்த கையோடு பாண்டிக்கு அனுப்பினார்கள். எனக்கு மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துப் பழகிய மாமா, அன்று முழுசாகப் பேசினார். “மச்சான்... உங்க அக்காவ பாண்டிக்கு அழைச்சிக்கிட்டுப் போறேன். நீ வந்துடு.”

நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். தாமதிக்காமல் கூட்டி வந்ததால் பிழைத்தாள். சர்க்கரையும் பிரஷரும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை யாரும் பார்த்ததே இல்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு லேடி டாக்டர் வந்தார்.

“வீட்டுல என்னம்மா சாப்பிடுவீங்க?”

அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எண்ணெயே ஜாஸ்தி சேக்க மாட்டேன் டாக்டர். உப்பு பேருக்குத்தான். காலையில கேவுரு கூழு, மதியானம் கீரை...”

“இதெல்லாம் நீங்க சாப்பிடறதா?”

“இல்ல... அவுருக்கு.”

“நான் உங்களைக் கேட்டேன்மா.”

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “நானு... என்னா மிஞ்சுதோ அது.”

மாமா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

“நான் செக்கப்புக்குப் போறப்பல்லாம் கூடவே வந்தா மச்சான். என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. இவளுக்கும் ஒரு தபா பாத்துடுங்கன்னு சொல்லத் தோணலியே எனக்கு” என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதயம் ஏதோ ஆண்களுக்கு மட்டும் வைத்த உறுப்பு மாதிரி நாம் நடந்துகொள்கிறோமா? அப்பாவின் தட்டில் உப்பைக் குறைக்க வீடே கூடுகிறது. அதைச் சமைத்தவர் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார், மாடிப்படியில் ஏன் நின்று மூச்சு வாங்குகிறார்... யார் கேட்கிறோம்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் ஹார்ட் அட்டாக் என்பதில்லை — தாடை வலியாக, முதுகு வலியாக, காரணமில்லாத அசதியாகவும் வரலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. உங்களுக்கு?

இப்போது அந்த வீட்டில் மாமாவின் சட்டம். எல்லோருக்கும் ஒரே சமையல். ஞாயிற்றுக்கிழமை அவர் சமையல். பீச்சில் அக்காவின் வேகத்துக்குத்தான் இவரும் நடக்கிறார். கருவாட்டுக்குத் தடை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா என் காதருகே வந்து, “பரங்கிப்பேட்ட பக்கம் போனா ரெண்டே ரெண்டு நெத்திலி...” என்று ஆரம்பித்தாள்.

“மச்சான், அங்க என்னா பேச்சு?” — உள்ளேயிருந்து குரல் வந்தது. நாங்கள் கேபிள் டிவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். முருங்கைக்காய் சாம்பார், கீரை மசியல். அக்காவுக்கு மாமா முதலில் பரிமாறினார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். அவர் கரண்டியோடு நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாவே இல்ல” என்றாள் அக்கா. “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

அக்கா சொன்னது உண்மை. நல்லாவே இல்லை. நானும் இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.