ராதிவோய் பஸ்ஸில் ஏசி வேலை செய்யாது

எங்கள் நிஷ் நகரத்தில் குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவர் யாரும் கிடையாது. நானும் பயப்படுவேன். தலைக்குக் குளித்துவிட்டு, எதிரெதிரே திறந்திருக்கும் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் உட்காரச் சொன்னால், அதற்கு நிஷாவா ஆற்றில் குதித்துவிடலாம் என்பேன். கழுத்து பிடித்துக்கொள்ளும், காது சீழ் வைக்கும், வாய் கோணிக்கொள்ளும். இதெல்லாம் ஊரறிந்த விஷயம். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? என் எதிர்வீட்டு ராதிவோய்க்கு அந்த அளவுதான் தெரியாது.

ராதிவோய் டவுன் பஸ் டிரைவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள், அதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். போலீஸ் என்றால் அவருக்குப் பயமில்லை, மேலதிகாரி என்றால் பயமில்லை, மாமியார் என்றால்கூடப் பயமில்லை. பக்கத்து அறையில் ஒரு கதவு கிரீச்சிட்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும். அவருடைய சித்தப்பா ஒரு கல்யாணத்தில் வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு இரண்டு வாசலுக்கு நடுவே உட்கார்ந்தாராம். மறுநாள் காலையில் வாய் இடது காதுப் பக்கம் போயிருந்ததாம். அன்றைக்கு அவர் எத்தனை குப்பி சாராயம் குடித்தார் என்பதை மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை.

மனைவி ஸ்தாமென்காவை முதல்முதலாகக் காபி குடிக்க அழைத்துப்போன நாளிலும் இதே கதைதான். காற்றுப் படாத மேஜை தேடி மாறி மாறி உட்கார்ந்து, கடைசியில் கழிப்பறைக் கதவோரம் போய்க் காதலித்திருக்கிறார்கள். “அப்படிப்பட்ட ஆளை எப்படிக் கட்டிக்கிட்டே?” என்று நான் ஒருநாள் கேட்டேன். “என் மேல காத்துகூடப் படக்கூடாதுன்னு நெனைக்கிற ஆம்பளை வேற யாருடி கெடைப்பான்?” என்றாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸிலும் இடதுபக்க ஜன்னல்களையெல்லாம் தன் கையாலேயே திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தார். வலதுபக்கம் மட்டும் திறக்கும். டிரைவர் இருக்கைக்கு மேலே ஏசி சுவிட்ச். அதன் மேல் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை: ‘வேலை செய்யாது’. ஒருவரும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வேலை செய்தால்தான் கூட்டம் கூடும். நானும் வருடக்கணக்காக அந்த பஸ்ஸில் வெந்துகொண்டு பேக்கரி வேலைக்குப் போய் வந்தேன்.

இந்த மனிதருக்கு ஒரு நாய். பெயர் வெசிர். மலையில் பனியில் புரண்டு ஓநாயை விரட்டுகிற ஜாதி. சாம்பல் நிறம், கன்றுக்குட்டி அளவு, இரண்டு அடுக்கு முடி. மலையில் இருந்த அண்ணன் ஆடுகளை விற்றபோது நாயை இவர் கூட்டிவந்துவிட்டார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, அதில் இந்த ஓநாய் விரட்டி.

குறை சொல்லக்கூடாது, தாய்கூடப் பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள். விடியும் முன்பே நடக்கக் கூட்டிப்போவார். வெயில் ஏறிவிட்டால் முதலில் குனிந்து தன் உள்ளங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்ப்பார், கை சுட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பார். அந்தக் காட்சிக்குக் கார்களெல்லாம் தானாகவே நின்றுவிடும். காலையில் வாங்குகிற பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரெக் ரொட்டியில் பாதி வெசிருக்கு. குளிக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பித் தர்ப்பூசணியைக் குளிரப் போட்டால், வெசிரும் உள்ளே இறங்கி அதைக் கட்டிக்கொண்டு படுத்துவிடும். அப்புறம் யார் அதை வெட்டித் தின்பது? நாங்கள்தான் தின்றோம். முடியை மட்டும் துடைத்துக்கொண்டோம்.

ஆனால் ஜன்னல்? எல்லாம் சாத்தியிருக்கும். மின்விசிறி உண்டு, அது சுவரைப் பார்த்துச் சுற்றும்.

இந்த ஜூலையில் வெயில் நாற்பதைத் தாண்டியது. ஒரு மதியம் ஸ்தாமென்கா என் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வெசிர் குளியலறைத் தரையில் கிடக்கிறது. மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் இரைகிறது. நாக்கு செங்கல் நிறம். எழ முயன்றது, பின்னங்கால் வழுக்கி விழுந்தது. சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வந்திருந்த ராதிவோய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “என் ராஜா, என் ராஜா” என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் போன் செய்ததும் எதிர்த்தெரு மிருக டாக்டர் யெலிசா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“வயித்துல, தொடை இடுக்குல, பாதத்துல தண்ணி ஊத்துங்க. ஐஸ் வேணாம், சாதாத் தண்ணி போதும். அப்புறம் காத்து வேணும். ரெண்டு பக்க ஜன்னலையும் தொறங்க.”

“ரெண்டையுமா? எதிரெதிரேவா?” என்றார் ராதிவோய்.

“ஆமா மாமா.”

“நனைஞ்ச ஒடம்பு மேல குறுக்குக் காத்தா? அதுக்குப் பதிலா சுத்தியலால மண்டையில ஒண்ணு போட்டுட்டுப் போம்மா!”

“நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது மாமா. ஈரத்துல காத்து பட்டாத்தான் சூடு எறங்கும். இப்ப எறங்கலைன்னா வெசிர் போயிடுவான்.”

ஸ்தாமென்கா இரண்டையும் படார் படாரென்று திறந்தாள். ராதிவோய் கண்ணை மூடிக்கொண்டார். யெலிசா மெல்ல ஒரு ஓரமாக நகர்ந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

“நானும் இந்த ஊருதான்க்கா,” என்று முணுமுணுத்தாள்.

உள்ளே வந்தது காற்றா அது? எங்கள் பேக்கரி அடுப்பைத் திறந்தது போல இருந்தது. விசிறியை நாயின் பக்கம் திருப்பினேன். அது இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. பேட்டை முழுக்க மின்சாரம் போய்விட்டது.

“குளிரான எடம் வேணும். ஒடனே வேணும்,” என்றாள் யெலிசா. அவள் குரல் மாறிவிட்டது. “என் கிளினிக்லயும் கரண்டு இருக்காது. ஏசி போட்ட காரு யார்கிட்டயாவது இருக்கா?”

எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ராதிவோய் தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திருட்டு ஆப்பிளோடு பிடிபட்டவன் மாதிரி என்னைப் பார்த்தார்.

“பஸ் இருக்கு,” என்றார்.

“பஸ்ஸா? அதுல ஏசி எங்கண்ணே வேலை செய்யுது?”

“செய்யும்.”

“என்னது?”

“செய்யும்னு சொல்றேன்ல! நாயைத் தூக்கு!”

கையில் வெசிரின் பின்னங்கால்கள் இருந்ததால்தான் அவர் கழுத்தை நான் நெரிக்கவில்லை. படுக்கை விரிப்பில் கிடத்தி, நாலு பேர் நாலு முனையைப் பிடித்து, மூன்று மாடி இறங்கினோம். பஸ் வீட்டுக்குக் கீழேயே நின்றது, எங்கள் தெரு முனைதான் கடைசி நிறுத்தம். உள்ளே கூட்டம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சந்தையில் மிளகாய் விற்கிற பெத்ரியா, அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

நாயை டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் கிடத்தினோம். ராதிவோய் இன்ஜினைக் கிளப்பி, அட்டையைப் பிய்த்தெறிந்து சுவிட்சை அமுக்கினார். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு முனகல், பிறகு மேலேயிருந்து குளுகுளுவென்று கொட்டியது. பஸ்ஸே அண்ணாந்து பார்த்தது.

“வேலை செய்யுதா?” என்றாள் பெத்ரியா. எழுந்து நின்றாள். “அடப்பாவி, வேலை செய்யுதா! எத்தனை கோடை! கெணத்துல எறங்கின மாதிரி நனைஞ்சுபோய் வீட்டுக்குப் போவேனே! என் புருஷன், மழையாடீன்னு கேப்பானே!”

“எறக்குங்கடா அந்த ஆளை!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கத்துறவங்க எறங்கிக்கங்க,” என்றாள் யெலிசா, ஊசியைச் செருகிக்கொண்டே. “கதவை மூடணும், குளிர் வெளிய போகுது.”

அத்தனை வாயும் மூடிக்கொண்டது. ஒருவர்கூட இறங்கவில்லை. பயணிகள் பிடித்துக்கொள்கிற வளையத்தில் குளுக்கோஸ் பையைத் தொங்கவிட்டாள். பெத்ரியா தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, திட்டிக்கொண்டே வெசிரின் பாதங்களில் ஊற்றினாள். திட்டு அவருக்கு, தண்ணீர் நாய்க்கு.

நேரமாகிவிட்டது, பஸ் கிளம்பியாக வேண்டும். ராதிவோய் காதில் பஞ்சை அடைத்தார். இருக்கைக்குக் கீழேயிருந்து பனிக்காலத்துக்கு வைத்திருந்த கம்பளித் தொப்பியையும் கோட்டையும் எடுத்து மாட்டினார். மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். ஸ்தாமென்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில், காற்று எட்டாத மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நிறுத்தத்தில் திரும்பினார்.

“ரொசாந்தா, என் வாயைப் பாரு. கோணியிருக்கா?”

“நேராத்தான் இருக்குண்ணே.”

இரண்டாவது நிறுத்தம். “இப்ப?”

“இப்பவும் நேராத்தான்.”

மூன்றாவது நிறுத்தத்தில் பஸ்ஸே சேர்ந்து கத்தியது: “நேராத்தான் இருக்கு, ஓட்டுய்யா!” ஏறுகிற ஆட்கள் ஒன்றும் புரியாமல், குளிரில் சிலிர்த்து, நாயைத் தாண்டி, கோட்டுப் போட்ட டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தன் சாவை நோக்கித்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்த நிறுத்தத்தில் அவர் கேட்கும் முன்பே, “நேராத்தான் இருக்குண்ணே” என்றேன்.

மறுமுனையில் நின்றபோது வெசிர் தலையைத் தூக்கியது. பெத்ரியாவின் கையிலிருந்த தண்ணீரை நக்கிக் குடித்தது. பஸ் முழுக்கக் கைதட்டல்.

“பொழைச்சுட்டான்,” என்றாள் யெலிசா. “ஆனா பொழுது சாயற வரைக்கும் இந்தக் குளிர்லயே இருக்கணும். நீங்க எறங்கிக்கங்க மாமா, மொகம் சுண்ணாம்பா இருக்கு. வேற டிரைவரைக் கூப்பிடலாம்.”

“என் சத்தம் கேக்கலைன்னா எழுந்து என்னைத் தேடுவான்,” என்றார். “இப்ப அவன் எழுந்திருக்கக் கூடாது இல்லையா?”

கீழே இறங்கினார். பஸ் நின்றதுமே காற்றுக்குப் பயந்து இறங்கி வெயிலில் நின்றுகொண்டிருந்த ஸ்தாமென்காவின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்.

“தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்து. என் துளை போடுற மெஷினை ஒன் தம்பிக்குக் குடுக்காத, திருப்பித் தர மாட்டான். நான் ஒனக்கு நல்ல புருஷனாத்தானே இருந்தேன்?”

அவள் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறினாள். காற்று நேராகக் கொட்டுகிற இடமாகப் பார்த்து, நாய்க்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“கோணினா ரெண்டு வாயும் சேந்தே கோணட்டும்,” என்றாள். “ஏறி வண்டிய எடுய்யா.”