தேவராஜாவின் பத்தாவது பாட்டு

பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், தேவராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார். சட்டை நுனியால் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் துடைப்பார். பதிலை மனைவி இராஜேஸ்வரிதான் சொல்ல வேண்டும். "ஒரு மகள், மெல்பேணில இருக்கிறா" என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறும். கோயில் மண்டபத்தில், கலியாண வீட்டில், ஒருமுறை பல் வைத்தியரிடத்தில்கூட, இருபத்தாறு வருடமாக இதுதான் நடந்தது.

ஒரு மகனும் இருந்தான். பெயர் சஞ்சீவ். பதினொரு வயதில் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அவனுடைய பேச்சு இல்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பேசினால் மனுசன் தாங்கமாட்டார் என்று இராஜேஸ்வரி நினைத்தாள். ஒரு நாள் பேசாமல் இருந்தாள், ஒரு மாதம் பேசாமல் இருந்தாள், பிறகு அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது.

சிட்னியில் பென்டில் ஹில் பக்கத்துத் தமிழருக்குத் தேவராஜா 'கவ்போய் அண்ணை'. யாழ்ப்பாணத்தில் வாலிபனாக இருந்த காலத்திலேயே வானொலியில் ஆங்கிலக் கன்ட்ரி பாட்டுகளைக் கேட்டுக் கிட்டார் பழகியவர். சிட்னிக்கு வந்து கிழமை நாட்களில் ரயிலில் கார்டாக வேலை செய்தார். சனிக்கிழமைகளில் அகன்ற தொப்பியும் உயர்ந்த சப்பாத்தும் போட்டுக்கொண்டு கிளப் கிளப்பாகப் போய்ப் பாடினார். முப்பத்தைந்து வருடம். வெள்ளைக்காரர் அவரை 'டேவ்' என்று கூப்பிட்டுக் கைதட்டினார்கள். தமிழர் சிரித்தார்கள்.

"அண்ணை, தேருக்கு வரேக்க குதிரையை வெளியில கட்டிப்போட்டு வாங்கோ" என்பான் பலசரக்குக் கடை யோகா.

"குதிரைக்கு உன்ர கடைப் பருப்புத்தான் போடுறனான். கல்லுக் கடிச்சுக் கடிச்சு அதுக்குப் பல்லு விழுந்திட்டுது, எழும்பி வராது" என்று இவரும் விடமாட்டார்.

இராஜேஸ்வரி எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் சுவரோரமாய் நிற்பாள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருபது வருடம் மரக்கறி வெட்டினாள். அங்கே பேசுகிற இங்கிலீஷ் விளங்கும். மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுகிற இங்கிலீஷ் விளங்காது. கணவர் பாடுகிற கிளப்புக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. சனிக்கிழமைச் சட்டையை அயன் பெட்டியால் அழுத்திக் கதிரையில் விரித்து வைப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

எழுபத்து மூன்று வயதில்தான் அவருக்கு ஆல்பம் போடுகிற வாய்ப்பு வந்தது. சென்னையிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் ராகவேந்திரா, நார்த்மீட்டில் தன் வீட்டுக் கராஜுக்குள் சுவரெல்லாம் பஞ்சுத் தட்டு ஒட்டி ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தான். கிளப்பில் இவரைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தான். "சார், இந்தக் குரலை இப்படியே விட்டுடக் கூடாது. நீங்க எழுதின பாட்டுல பத்து எடுங்க. ஒரு ஆல்பம் பண்ணிடலாம்" என்றான்.

அந்த நேரம் பார்த்துத் தேவராஜாவுக்குக் கண் ஒபரேசன். கார் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இராஜேஸ்வரிதான் கார் ஓடிக்கொண்டு போனாள். ஸ்டூடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்று பாடுவார். இந்தப் பக்கம், ராகவேந்திராவுக்குப் பின்னால், அவள் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். ஒன்பது பாட்டு அப்படியே முடிந்தது. மழை, ரயில், தூரத்து ரோட்டு, விட்டுப்போன பெண். அவளுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை.

பத்தாவது பாட்டைப் பாடிய அன்று ராகவேந்திரா அவளிடமும் ஒரு ஹெட்போனைக் கொடுத்தான். "கேளுங்க ஆன்ட்டி, சும்மாவே உக்காந்திருக்கீங்களே."

கிட்டார் தொடங்குமுன் தேவராஜா பேசினார். இது உண்மைக் கதை, என் மகனின் கதை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மெதுவாகப் பாடினார். குரல் காதுக்குள்ளேயே இருந்தது. ஒரு சொல்லும் தப்பவில்லை. ஆஸ்பத்திரி அறை. சனிக்கிழமைப் பின்னேரம். பச்சைப் போர்வை. சஞ்சீவ் என்ற பெயர், மூன்று தரம். அப்பா கட்டில் ஓரத்தில் இருக்கிறார், பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறார், பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே கண்ணை மூடுகிறான்.

ராகவேந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆல்பத்தோட உயிரே இதுதான் சார்" என்றான். திரும்பி, "ஆன்ட்டி, நீங்களும் அப்போ அங்க இருந்தீங்களா?" என்று கேட்டான்.

இராஜேஸ்வரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

சஞ்சீவ் போன அந்தச் சனிக்கிழமை தேவராஜா ஆறு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்கு அப்பால், டாம்வர்த்தில், கன்ட்ரி பாட்டுப் போட்டி மேடையில் நின்றார். பிள்ளைக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன என்றுதான் டாக்டர்மார் சொல்லியிருந்தார்கள். தகவல் இரவுதான் அவருக்குக் கிடைத்தது. அடுத்த நாள் காலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

காருக்குள் ஏறிய பிறகு அவள் சாவியைத் திருப்பவில்லை.

"உந்தப் பாட்டை எவ்வளவு காலமாப் பாடுறியள்?"

"கன காலம்."

"ஆருக்கு?"

"கிளப்பில வாற சனத்துக்கு. ஏன்?"

"குடிச்சுப்போட்டு இருக்கிற ஆக்களுக்கெல்லாம் அவன்ர பெயரைச் சொல்லியிருக்கிறியள். எனக்கு முன்னால ஒருநாள் சொல்லேல்லை."

அவர் வெளியே பார்த்தார்.

"நீங்கள் அங்க நிக்கேல்லையப்பா" என்றாள்.

"பாட்டெண்டால் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் வரும், இராசேஸ்."

"உண்மைக் கதை எண்டெல்லோ முன்னுக்குச் சொல்லுறியள்."

"போகச் சொன்னது நீர்தானே!"

அது உண்மை. போகமாட்டேன் என்று நின்றவரை, போயிட்டு வாங்கோ, அவனுக்கும் சந்தோசம் என்று அனுப்பியவள் அவள்தான். இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது அவருக்காக மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஓம், நான்தான் அனுப்பினனான். அப்ப அதைப் பாடுங்கோ. இல்லாட்டி இதை எடுத்துப்போட்டு ஒன்பதோட விடுங்கோ. கிளப்பில பாடினது காத்தோட போச்சுது. இது அப்பிடியே நிக்கப்போகுது."

அப்போதுதான் அவர் கேட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

"என்ன நடந்தது அண்டைக்கு?"

"என்ன நடந்தது... ஐஸ் கேட்டவன். குடுத்தன். பிறகு, அப்பா வெண்டிட்டாரோ எண்டு கேட்டவன். ஓம் எண்டனான்."

"நான் வெல்லேல்லையே."

"எனக்கென்ன தெரியும்? ஓம் எண்டனான். சரியெண்டிட்டுப் படுத்தவன். மூண்டு மணிக்கு நேர்ஸ் வந்து பாத்திட்டு என்ர தோளில கையை வைச்சா."

அவள் சாவியைத் திருப்பினாள். அந்தக் கிழமை முழுவதும் தேவராஜா மேசையில் இருந்து எழுதினார், வெட்டினார், கிழித்தார். ஐஸ், போட்டி, அங்கே இல்லாத அப்பா, எல்லாவற்றையும் வைத்து ஒரு புது அடி எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

முதல் தரம் 'நான் அங்கே இல்லை' என்ற இடத்தில் குரல் நின்றது. இரண்டாம் தரமும் அந்த இடம்தான். தண்ணி குடித்தார். நாலாம் தரம் அந்தச் சொல்லுக்கு முன்பே கிட்டாரை நிறுத்திவிட்டார். ஐந்தாம் தரம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் மேடையில் நின்ற மனுசன் மைக்குக்கு முன்னால் தோள் இரண்டும் குலுங்க நின்றார்.

"ஆன்ட்டி," என்றான் ராகவேந்திரா தயங்கி, "போன வாரம் பாடினதே அருமையா இருக்கு. எதுக்கு மாத்தணும்? அதையே வெச்சுக்கலாமா? சார்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவள் கண்ணாடியூடாகப் பார்த்தாள். உள்ளே நின்றவருக்கு இவர்கள் பேசுவது கேட்காது. ஆனாலும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டே வேண்டாம் என்று அவள் சொன்னால் ஆல்பத்திலிருந்து எடுத்துவிடுவார் என்று தெரிந்தது. எடுத்தால் அதற்குப் பிறகு பாடமாட்டார் என்பதும் தெரிந்தது.

"பழையதே இருக்கட்டும் தம்பி. முன்னுக்கு ஒரு கதை சொல்லுறார், அதை மட்டும் எடுக்க ஏலுமோ?"

"உண்மைக் கதைன்னு சொல்றாரே, அதுவா? நல்லாத்தானே இருக்கு?"

"அது வேண்டாம்."

ராகவேந்திரா ஒரு விசையைத் தட்டினான். திரையில் சின்னக் கோடு ஒன்று மறைந்தது. பாட்டு இப்போது கிட்டாரோடு தொடங்கியது.

ஆல்பம் வந்தது. பென்டில் ஹில் மண்டபத்தில் சின்னதாய் ஒரு வெளியீடு வைத்தார்கள். யோகா வடை கொண்டுவந்தான், அன்று பகிடி விடவில்லை. பத்தாவது பாட்டும் போனது. முடிந்ததும் நிரூபா என்ற பெண் ஓடிவந்து இராஜேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "அன்ரி, தகப்பன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போனது அந்தப் பிள்ளை செய்த புண்ணியம்." இராஜேஸ்வரி தலையை ஆட்டினாள். வேறு பலரும் வந்து அதையேதான் சொன்னார்கள். உண்மைக் கதை என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை மெல்பேணிலிருந்து மிருணாளினி போன் எடுத்தாள். தம்பி போன அன்று அவளுக்குப் பதினான்கு வயது, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்; அப்பா அன்று எங்கே நின்றார் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அம்மா, அப்பா ஒருநாளும் தம்பியைப் பற்றிக் கதைக்கிறேல்லை எண்டு நான் எவ்வளவு கோவப்பட்டிருக்கிறன். அவர் பக்கத்தில நிண்டவரெண்டு எனக்குத் தெரியாதே. நிண்டவரோ அம்மா?"

தேவராஜா எதிர்க் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்தார். போனில் கேட்டது அவருக்கும் கேட்டது. அவர் குனிந்து கொண்டார்.

"ஓம் பிள்ளை" என்றாள் இராஜேஸ்வரி.

இது நடந்து ஒரு வருடமாகிறது. தேவராஜா இன்னும் மாதம் ஒருமுறை கிளப்புக்குப் போய்ப் பாடுகிறார். அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி யாராவது கேட்டால், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். வீட்டில் சஞ்சீவைப் பற்றி அவர்கள் மறுபடி பேசவில்லை. மிருணாளினிக்கு இன்னும் தெரியாது.